பழைய கார் எஞ்சினைப் பிள்ளையோட சேர்ந்து பிரிக்கிற அப்பாக்களுக்கு, எமர்ஜென்சியில இருந்து ஒரு வேண்டுகோள்

பெரிய லீவு விட்டாச்சுன்னா எங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு இப்பல்லாம் ஒரு வகை கேஸ் தவறாம வருது. வீட்டுல வருஷக்கணக்கா நிக்கிற பழைய பத்மினி காரோ அம்பாசடரோ இருக்கும், அப்பாவும் பையனும் சேர்ந்து எஞ்சினைப் பிரிச்சு சரி பண்ணலாம்னு ஆரம்பிப்பாங்க. முதல் வேலை டேங்க்ல கிடக்குற கெட்டுப்போன பெட்ரோலை வெளிய எடுக்கிறது, அதுக்கு ஒரு ஓஸை உள்ள விட்டு "வாய் வச்சு இழுடா"ன்னு பையன் கையில கொடுத்துடுறாங்க.

போன வாரம் வந்த பையனைப் பார்த்தப்புறம் இதை எழுதாம இருக்க முடியல. (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன்.) பொள்ளாச்சி பக்கம், பத்தாவது எழுதிட்டு லீவுல இருக்கான். அவங்க அப்பாரு (தாத்தா) ஓட்டுன பத்மினி, மாட்டுக் கொட்டாய்ல நிக்குது. காலையில ஓஸ் வச்சு இழுத்தப்ப ஒரு வாய் உள்ள போயிருக்கு, நல்லா இருமியிருக்கான். வீட்டுல உடனே உப்புத் தண்ணி கரைச்சுக் கொடுத்து, அவன் மாட்டேன்னு சொல்லச் சொல்ல வாந்தி எடுக்க வச்சிருக்காங்க. அப்புறம் பால் கொடுத்திருக்காங்க, அதையும் வாந்தி எடுத்திருக்கான். சாயங்காலம் என்கிட்ட வர்றப்ப காய்ச்சல், மூச்சு விடறதுக்கே விலா உள்ள இழுக்குது, ரத்தத்துல ஆக்சிஜன் 88-க்கு இறங்கியிருக்கு. எக்ஸ்ரேல ரெண்டு நுரையீரலோட கீழ்ப் பகுதியும் வெள்ளையா இருக்கு. ஐசியூல வச்சுத்தான் பார்த்தோம், பிழைச்சுக்கிட்டான். அவங்க அப்பா என்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான், "உடனே வாந்தி எடுக்க வச்சுட்டோமே டாக்டர், அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

வாந்தி எடுக்க வச்சதாலதாங்க இவ்வளவு தூரம் போச்சு.

இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க, ஏன்னா படிச்சவங்க படிக்காதவங்க எல்லாரும் இதுல ஒரே தப்பைத்தான் பண்றாங்க. பெட்ரோல்னா விஷம், விஷம் வயித்துல இருக்கக்கூடாது, அதனால வெளிய எடுத்துடணும்னு நினைக்கிறீங்க. வாய் நிறைய ஒரு தடவை உள்ள போன பெட்ரோலை வயிறு பெரும்பாலும் தாங்கிக்கும். கொஞ்சம் குமட்டும், ஒரு நாள் பூரா ஏப்பத்துல நாத்தம் வரும், சிலருக்கு வயித்தால போகும், அவ்வளவுதான். ஆனா நுரையீரலால தாங்க முடியாது. ஒரு டீஸ்பூனுக்கும் கம்மியா மூச்சுக்குழாய்க்குள்ள போனாக்கூட, அது கெட்டியே இல்லாம நீர்க்க இருக்கிறதால உள்ள சரசரன்னு பரவி, காத்துப்பைகள் சுருங்காம வச்சிருக்கிற பூச்சையே கரைச்சு விட்டுடும். எஞ்சின் ஆயிலை ஒரு வாய் முழுங்கிட்டு வர்ற பையனைப் பத்தி நாங்க இவ்வளவு பயப்பட மாட்டோம், அது கெட்டி, லேசுல மூச்சுக்குழாய்ல இறங்காது. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் மூணுந்தான் எங்களுக்கு பயம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, முழுங்குறப்ப ஒரு தடவை தொண்டையைத் தாண்டிப் போச்சு. வாந்தி எடுக்க வச்சா அதே பெட்ரோல் மறுபடியும் அதே தொண்டை வழியா, இந்தத் தடவை வேகமா, வயித்து அமிலத்தையும் சேர்த்துக்கிட்டு மேல வருது. ஒவ்வொரு வாந்திக்கும் நுரையீரலுக்குள்ள போக இன்னொரு வாய்ப்பு. உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, புளித்தண்ணி, தொண்டைக்குள்ள விரல் விடறது, முட்டை வெள்ளைக்கரு, எதுவும் வேண்டாம். பால் கொடுத்தா விஷம் முறிஞ்சுடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பெட்ரோலை எந்தப் பாலும் முறிக்காது, வயிறு நிறைஞ்சு வாந்தி வர்றதுதான் மிச்சம். உப்பைக் கரைச்சுக் கரைச்சுக் கொடுத்து ரத்தத்துல சோடியம் ஏறிப்போய் வலிப்பு வரைக்கும் போகலாம், அது தனி ஆபத்து. பேட்டரி ஆசிட் வாயில போனாலும் இதே சட்டம்தான், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் "வயித்தைக் கழுவுங்க டாக்டர்"னு சண்டை போடறாங்க. பூச்சி மருந்து குடிச்சவங்களுக்குக் கழுவுறதைப் பார்த்துட்டு இதுக்கும் அதான்னு நினைக்கிறாங்க. பெட்ரோலுக்குக் கழுவ மாட்டோம், ட்யூப் விடறப்பவே குமட்டி வாந்தி வரும். நாங்க சும்மா உட்கார வச்சிருக்கோம்னு கோபப்பட்டு, கழுவித் தர்ற இடம் தேடிக் கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு போகாதீங்க. நாங்க சும்மா இல்ல, மூச்சை எண்ணிக்கிட்டிருக்கோம். குடிச்ச உடனே எடுத்த எக்ஸ்ரே சுத்தமா இருந்தாலும் நம்பி அனுப்ப மாட்டோம், சில மணி நேரம் கழிச்சுத்தான் அதுல தெரிய ஆரம்பிக்கும், அதான் ஒண்ணுமே இல்லாத பிள்ளையைக்கூட ஆறு மணி நேரமாவது வச்சுப் பார்க்கிறோம். முழுங்கின உடனே இருமல், புரையேறுன மாதிரி மூச்சுத் திணறல் வந்துச்சுன்னா கொஞ்சமாவது உள்ள போயிருக்குன்னு அர்த்தம், இருமல் நின்னுடுச்சேன்னு வீட்டுல வச்சிருக்காதீங்க.

சரி, எஞ்சின் வேலையே பண்ணாதீங்கன்னு நான் சொல்ல வரல. போனைக் கீழ வச்சுட்டு ஒரு பதினஞ்சு வயசுப் பிள்ளை அப்பாகூட உட்கார்ந்து கார்புரேட்டரை (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற பாகம்) பிரிக்குதுன்னா எனக்கும் சந்தோஷம்தான். பத்மினியோட 1089 சிசி எஞ்சினைத் திறந்து பார்த்தா எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, கத்துக்க அதைவிட நல்ல எஞ்சின் ஏது? எனக்கு இருக்கிற வருத்தம் வேற. இப்படி வர்ற பிள்ளைங்ககிட்ட என்ன வேலை பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேட்டா பதில் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கும். பிஸ்டன் ரிங் கேப் பார்க்கிறது, வால்வு செட் பண்றது, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு ஹெட் போல்ட் முறுக்குறது எல்லாம் அப்பா வச்சுக்கிறாரு, அளவு தப்பிடுமாம். பையனுக்கு எடுபிடி வேலை. பெட்ரோலை உறிஞ்சு, பார்ட்ஸைப் பெட்ரோல்ல கழுவு, நான் செல்ப் அடிக்கிறேன் நீ கார்புரேட்டர்ல கொஞ்சம் ஊத்து. அந்த மூணும்தாங்க மொத்த வேலையிலயே ஆளைச் சாய்க்கிற வேலை! தயவுசெஞ்சு மாத்திக்கோங்க. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜைப் பிள்ளை கையில கொடுங்க, தப்பா அளந்தா மறுபடி அளக்கலாம். பெட்ரோல் வேலை உங்களோடது.

டேங்கைக் காலி பண்ண, கையில அமுக்குற சைபன் பம்ப்பு ஆட்டோமொபைல் கடையிலயே கிடைக்குது, பல பழைய வண்டியில டேங்குக்கு அடியிலேயே டிரெயின் பிளக் இருக்கும். எடுத்ததைத் தண்ணி பாட்டில்லயோ கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க, வீட்டுல இருக்கிற சின்னக் குழந்தை அதைத்தான் எடுத்துக் குடிக்கும். அந்தக் கேஸ் இன்னும் மோசம், அதைப் பத்தித் தனியா எழுதணும்.

பார்ட்ஸ் கழுவுறதுக்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தட்டுல ஊத்தி பிரஷ் போட்டுத் தேய்க்கிறப்ப வர்ற ஆவி காத்தை விட கனம், மேல போகாது, தரையோட தரையா ஓடி அடுத்த ரூம்ல இருக்கிற ஃபிரிட்ஜ், மோட்டார், அடுப்பு எது கிடைக்குதோ அங்க பத்தும், பத்தினது திரும்ப தட்டுக்கே வரும். டிகிரீசர்னு கேட்டா கடையில தருவாங்க, இல்லன்னா சோப்புத்தூளும் சுடுதண்ணியும் போதும், கழுவினதும் துடைச்சு ஆயில் பூசிடுங்க, துரு பிடிக்காது. நம்ம ஊர்ல இன்னொண்ணும் இருக்கு. எஞ்சின் மாட்டி முதல் தடவை ஸ்டார்ட் பண்ற அன்னைக்கு நல்ல நேரம் பார்த்து, வண்டிக்குப் பொட்டு வச்சு, பானட்டைத் திறந்து வச்சபடியே சூடம் காட்டுறது. அதே நேரத்துல பெட்ரோல் லைன்ல கசிவு இருக்கான்னு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. சாமி கும்பிடுங்க, சூடத்தை வண்டியில இருந்து தள்ளி, வாசல்ல வச்சுக் காட்டுங்க.

கார்புரேட்டர்ல பெட்ரோல் ஊத்துறது பத்தி: டைமிங் (பிளக்குல பொறி விழற நேரம்) கொஞ்சம் தப்பியிருந்தா, ரெண்டு பிளக் வயர் மாறியிருந்தா, நெருப்பு கார்புரேட்டர் வழியா மேல வரும். அந்த நேரம் பிள்ளையோட முகம் அதுக்கு நேரா குனிஞ்சிருக்கும், கையில திறந்த பாட்டில் இருக்கும். பயத்துல பாட்டிலை உதறுவான், அது அவன் சட்டையிலயே விழும். நான் பார்த்த முகத் தீக்காயங்கள் பலது இப்படி ஆனதுதான். ஊத்தியே ஆகணும்னா நீங்க சில சொட்டு விட்டுட்டு, பாட்டிலை மூடித் தூரமா வச்சுட்டு, ஏர் கிளீனரை மாட்டி, எல்லாரும் தள்ளி நின்னப்புறம் செல்ப் அடிங்க. பாலியஸ்டர் ஜெர்சி போட்டுக்கிட்டு இந்த வேலைக்கு வரக்கூடாது, அது உருகித் தோல்ல ஒட்டிக்கும், எங்களுக்கு அதைப் பிரிச்சு எடுக்கிறது பெரும்பாடு, பிள்ளைக்கு அதைவிட. தீப்புண் பட்டுட்டா குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணி விடுங்க. பேஸ்ட், இங்க், இட்லி மாவு, ஐஸ் எதுவும் கூடாது.

மத்ததைச் சுருக்கமாச் சொல்றேன். சுத்தியலால பின்னைத் தட்டுறப்பவும் வயர் பிரஷ் ஓட்டுறப்பவும் கண்ணாடி போடுங்க, பார்க்கிறதுக்காகப் பக்கத்துல நிக்கிற தங்கச்சிக்கும் போடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க, செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. நம்ம நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லதான் முழுசா நின்னுச்சு, அதுக்கு முன்னாடி ஓடி நின்னுபோன எஞ்சின்ல ஹெட்டுலயும் வால்வுலயும் படிஞ்சிருக்கிற சாம்பல் நிறக் கரியில ஈயம் இருக்கும், காய்ஞ்சபடியே சுரண்டி ஊதித் தள்ளாம நனைச்சு எடுங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க. கிளட்ச், பிரேக் தூசியையும் ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

எஞ்சின் ஓட ஆரம்பிச்ச பிறகு வர்ற கேஸ் ஒண்ணு இருக்கு, சத்தமே இல்லாம வரும். மழை, இல்ல அக்கம்பக்கத்துல சத்தம் போடுவாங்கன்னு ஷெட்டோட ஷட்டரை இறக்கிட்டு உள்ளேயே ஐடிலிங் (வண்டி நின்னபடியே எஞ்சின் ஓடறது) பார்க்கிறாங்க. இந்தப் பழைய வண்டிகள்ல பெரும்பாலும் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடையாது, புகையில கார்பன் மோனாக்சைடு தாராளமா இருக்கும், அதுக்கு வாசனை கிடையாது. முதல்ல தலைவலி, குமட்டல், அப்புறம் கால் துவண்டுபோகும். கொரோனா சமயத்துல வாங்கின விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துட்டு "98 காட்டுது, ஒண்ணுமில்ல"ன்னு படுக்க வச்சுடுறாங்க. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ஆள் மயங்குற வரைக்கும் 98தான் காட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தலை வலிக்குதுன்னா நம்பரைப் பார்க்காதீங்க, எஞ்சினை நிறுத்திட்டு வெளிய வாங்க, 108-க்குக் கூப்பிடுங்க.

எந்தக் கேஸா இருந்தாலும் வர்றப்ப நாலு விஷயத்தை மறைக்காமச் சொல்லுங்க: என்ன உள்ள போச்சு, எப்போ, உடனே இருமுனானா, வீட்டுல என்ன கொடுத்தீங்க. அந்த நாலாவதைத்தான் எல்லாரும் மறைக்கிறாங்க, டாக்டர் திட்டுவாங்கன்னு. திட்ட மாட்டேன், எனக்கு அது தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன பண்றதுன்னு முடிவு பண்ண முடியும். பெட்ரோல் பட்ட சட்டையைக் கழட்டிட்டு, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பிள்ளையை உட்கார வச்சபடியே கூட்டிட்டு வாங்க. வர்ற வழியில எதுவும் குடிக்கக் கொடுக்காதீங்க, தண்ணி கேட்டா வாயைக் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க.