கடலோரத்துக்கு அரணாகும் வரைபடம்: கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சொல்வது என்ன?

கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் கட்டடம் எழுப்பலாம், கழிவுநீரைக் கடலில் விடலாமா, அலையாத்திக் காட்டை ஒட்டி என்ன செய்யலாம் என்பன போன்ற கேள்விகளுக்கு இந்தியாவில் முதன்மையாக விடை சொல்வது, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் மத்திய அரசு வெளியிட்டுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாகும். முதல் அறிவிக்கை 1991-இலும், அதற்கு மாற்றானது 2011-இலும் வந்தன. 2019 ஜனவரி 18-இல் மூன்றாவது அறிவிக்கை வெளியானது. ஆயினும், ஒரு மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் புதிய அறிவிக்கைக்கு ஏற்பத் திருத்தப்பட்டு ஒப்புதல் பெறும்வரை, அங்கே 2011-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படியான திட்டமே நடைமுறையில் இருக்கும்.

கடல்நீர் ஏறிவரும் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையிலான பகுதியும், கடல்பக்கம் 12 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பும், ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழிகளும் ஆற்று முகத்துவாரங்களும் இந்த மண்டலத்துக்குள் அடங்கும். அலையாத்திக் காடுகள், பவளப்பாறைகள், கடற்புல் படுகைகள், மணற்குன்றுகள், ஆமைகள் முட்டையிடும் கரைகள் ஆகியவை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையைச் சேர்ந்தவை. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் மன்னார் வளைகுடாத் தீவுகளும் இதற்கு நாமறிந்த எடுத்துக்காட்டுகள். நகராட்சி எல்லைக்குள் ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த பகுதி இரண்டாம் வகை. ஊரகக் கடற்கரை மூன்றாம் வகை. நீர்ப்பரப்பு நான்காம் வகை.

மூன்றாம் வகையில்தான் 2019 அறிவிக்கை பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. முன்பு உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானம் தவிர்க்கப்பட வேண்டிய பகுதியாக இருந்தது. இப்போது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் அது 50 மீட்டராகக் குறைக்கப்பட்டுள்ளது. மக்களிடம் கருத்துக் கேட்டுத் தயாரித்த மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகே இந்தத் தளர்வு செல்லும். அதுவரை 200 மீட்டர்தான். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் கடல் எவ்வளவு தூரம் ஏறி வந்தது என்பதைக் கண்டவர்களுக்கு, 50 மீட்டர் என்பது எத்தனை குறுகிய இடைவெளி என்று விளக்க வேண்டியதில்லை.

நீரின் தரத்தைப் பொறுத்தவரை, தொழிற்சாலைகளும் நகரங்களும் குடியிருப்புகளும் சுத்திகரிக்காத கழிவுநீரை இம்மண்டலத்தில் விடுவதையும், சாம்பல் உள்ளிட்ட திடக்கழிவைக் கொட்டுவதையும், பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவதையும் அறிவிக்கை தடை செய்கிறது. கடல்நீர் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், பயன்பாட்டின் அடிப்படையில் ஐந்து வகைகளாகப் பிரித்து வரையறுக்கின்றன. குளிப்பதற்கும் வணிக மீன்பிடிப்புக்கும் உரிய இரண்டாம் வகை நீரில், 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் நுண்ணுயிரிகள் 100-க்கு மேல் இருக்கக் கூடாது. எனவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுப்பவர்கள் "தண்ணீர் நாறுகிறது" என்று மட்டும் எழுதாமல், அந்த இடத்து நீர் இந்த ஐந்தில் எந்த வகையைச் சேர்ந்தது, ஆய்வில் கிடைத்த அளவு என்ன என்று கேட்டு எழுதினால், அதிகாரிகள் தட்டிக் கழிப்பது கடினம்.

இவை அனைத்தும் நடைமுறைக்கு வருவது மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெறும் வரைபடத்தின் வழியாகத்தான். கழிமுகம் வரைபடத்தில் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணுக்கு அது வெற்று நிலம். எண்ணூர்க் கழிமுகத்துக்கு 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடம் இருந்தும், பிற்பாடு கழிமுகத்தையே காட்டாத வேறொரு வரைபடம் முன்வைக்கப்பட்டு, அது பெரும் வழக்காக மாறியது. மீனவக் கிராமங்கள், கருவாடு காயவைக்கும் களங்கள், மீன்பிடி இறங்குதளங்கள், ஐஸ் நிலையங்கள் ஆகியவற்றை சர்வே எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது அறிவிக்கையின் கட்டளை. ஆகவே வரைவுத் திட்டம் வெளியாகும்போது, வலை உலர்த்தும் திடலும் படகைக் கரையேற்றும் மணலும் அதில் இருக்கின்றனவா என்று ஊரார் கூடிப் பார்த்து, விடுபட்டவற்றை சர்வே எண்ணோடு எழுத்து மூலம் ஆட்சேபணையாகக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். கிராம சபைத் தீர்மானமும் இணைந்திருந்தால் மனுவுக்கு வலு கூடும்.

கட்டுமானம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் சொந்தமாகக் குடியிருக்க 300 சதுர மீட்டருக்குள் வீடு கட்டுவோர், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறிவிக்கையின் விதிகளைச் சரிபார்த்து உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம்.

விதிமீறலைக் கண்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் அதில் இடம்பெற வேண்டும். 2024 ஏப்ரல் முதல், சட்டத்தை மீறுவோருக்குச் சிறைத் தண்டனைக்கு மாற்றாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படுகிறது. பெரு நிறுவனங்களுக்கு இத்தொகை ஒரு பொருட்டாகாது என்பதால், பாதிப்பைத் தடுக்க விரும்புவோர் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடுவதே பயன் தரும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அங்கே மனு தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் அவகாசம் கிடைக்கும். ஒரு திட்டத்துக்குத் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதாயின் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும்.