குளிரில் ஓடுகிறீர்களா? உள்ளே போட்டிருப்பதைக் கொஞ்சம் காட்டுங்கள்

குளிர்காலம் தொடங்கியதும் என்னிடம் வருகிறவர்களின் புகார் மாறிவிடும். ஓடி முடித்து அரை மணி ஆகியும் நடுக்கம் நிற்கவில்லை, தோள் இரண்டும் காது வரை ஏறி இறுகிக்கொள்கின்றன, நடுமுதுகில் பிடிப்பு. நான் இயன்முறை சிகிச்சை செய்பவன். தசையைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனாலும் இந்தப் புகாரோடு வருபவர்களிடம் முதலில் கேட்பது, "ஓடும்போது உள்ளே என்ன போடுகிறீர்கள்?" என்பதைத்தான்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறவர். போடுவதையெல்லாம் பையில் எடுத்துவரச் சொன்னேன். மேஜையில் பரப்பினால் பருத்தி பனியன், அதன்மேல் நல்ல பாலியெஸ்டர் சட்டை, அதற்கும் மேல் கனமான பருத்தி ஹூடி, கடைசியாகக் காற்றுப் புகாத ஜாக்கெட். "இவ்வளவு போட்டும் குளிருது டாக்டர், இன்னொண்ணு சேர்த்துக்கட்டுமா?" என்றார். "வேண்டாம்மா, ரெண்டைக் கழட்டணும்" என்றேன். நம்பாமல் பார்த்தார்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதனால் ஓடும் வரை குளிர் தெரியாது, வியர்க்கவும் செய்யும். நின்ற சில நிமிடங்களில் அந்த வெப்பம் சட்டென்று குறைந்துவிடும். வியர்வை மட்டும் துணியிலேயே இருக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரப் பனியன் தோலில் ஒட்டியிருப்பது உடம்பின் சூட்டுக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி.

அந்த அம்மாவிடம் பனியனை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். போகும்போது 140 கிராம், வரும்போது 340. அதாவது 200 கிராம் வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். 200 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 116 கிலோகலோரி. பனியன் மேலேயே காயட்டும் என்று விட்டால், அதில் பெரும்பங்கை உடம்புதான் கொடுத்தாக வேண்டும், அதுவும் ஓட்டம் நின்று அடுப்பு அணைந்த பிறகு. நடுங்காமல் என்ன செய்யும்?

ஆகவே உள் அடுக்கைத் தேர்ந்தெடுக்கும்போது 'ஓடும்போது சூடாக இருக்குமா' என்பதைவிட 'நின்ற பத்தாவது நிமிடம் எப்படி இருக்கும்' என்றுதான் பார்க்க வேண்டும்.

பாலியெஸ்டர் இழை தண்ணீரைத் தனக்குள் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக வியர்வை வெளிப்பக்கம் நகர்ந்து, அகலமாகப் பரவி, சீக்கிரம் காய்ந்துவிடும். குறை என்றால் நாற்றம். வியர்வையின் எண்ணெய்ப் பசை அதில் பிடித்துக்கொண்டு லேசில் போகாது. மெரினோ என்ற செம்மறி ஆட்டின் மெல்லிய கம்பளி வேறு வகை. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது, நாற்றமும் குறைவு. ஆனால் காய நேரமாகும், சீக்கிரம் நைந்துபோகும். கம்பளி என்றாலே அரிக்கும் என்று பயப்படுபவர்கள் 17 முதல் 19 மைக்ரான் இழை என்று போட்டிருப்பதை எடுத்துப் பாருங்கள், அது இழையின் தடிமன். நிற்காமல் ஓடுகிறவருக்கு நான் சொல்வது மெல்லிய பாலியெஸ்டர். மலையேற்றம் மாதிரி ஏறி, நின்று, மறுபடி ஏறுகிறவருக்கு மெரினோ. மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது கூழை ரசாயனத்தில் கரைத்துச் செய்த இழை. தொட்டால் பட்டுப்போல இருக்கும், ஆனால் தண்ணீர் குடிப்பதில் பருத்திக்குச் சளைத்ததல்ல.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்து, உடனே பரவினால் நல்ல துணி என்று ஒரு சோதனையைச் சொல்வார்கள். அதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். துவைத்துப் பழகிய பருத்தியிலும் சொட்டு உடனே பரவும். உறிஞ்சுவது வேறு, விடுவது வேறு. இரண்டு துணிகளையும் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். எது முதலில் காய்கிறது என்று பாருங்கள், போதும்.

அளவு விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உள் அடுக்கு தோலைத் தொட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வியர்வை துணிக்கு ஏறாமல் முதுகில் வழிந்து இடுப்புப்பட்டையில் தேங்கும். அதற்காக மூச்சு முட்டவும் வேண்டாம். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அக்குளில் இழுக்கக் கூடாது, முதுகு வெளியே தெரியக் கூடாது. துணியின் எடை ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் துணிக்கு இத்தனை கிராம் என்று போட்டிருக்கும். ஓட்டத்துக்கு 150ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 250 என்பது மெதுவாக நடப்பவருக்கும் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும்.

சரி, உள்ளே நல்லது போட்டாயிற்று. அதன்மேல் பருத்தி ஹூடி போட்டால்? உள்ளே இருப்பது தள்ளிவிடும் ஈரத்தையெல்லாம் ஹூடி வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த அம்மாவிடம் கழட்டச் சொன்ன இரண்டில் ஒன்று அதுதான். இன்னொன்று பனியன். பெண்களிடம் இதையும் சேர்த்தே கேட்பேன்: பிரா பருத்தியா? மார்பைச் சுற்றி ஈரப்பட்டை கட்டிக்கொண்டு மேலே எவ்வளவு நல்ல சட்டை போட்டும் பயனில்லை. ஜட்டிக்கும் காலுறைக்கும் இதே கதைதான்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கழுத்தில் ஜிப் உள்ள சட்டை என்றால் வியர்வை துளிர்க்கும் முன்னே இறக்கிவிடலாம். முடித்ததும் நின்று பேசிக்கொண்டிருக்காமல் முதல் வேலையாக மேல்சட்டையை மாற்றுங்கள். உலர்ந்த சட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது ஆபத்து. இதற்கு உறைபனி தேவையில்லை. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் 5, 10 டிகிரியிலேயே நடக்கும். விரல் ஜிப்பைப் பிடிக்கத் தடுமாறுவது, பேச்சு குழறுவது, கால் இடறுவது எல்லாம் எச்சரிக்கை. நடுக்கம் தானாக நின்று ஆள் மந்தமானால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது. உலர்ந்த உடைக்கு மாற்றி, போர்த்தி, உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள். வயதானவர்களும், நரம்பு பாதித்த சர்க்கரை நோயாளிகளும், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

துவைப்பது பற்றி இரண்டு வார்த்தை. துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அது இழைமேல் படிந்து ஈரம் நகரும் வழியை அடைத்துவிடும். மெரினோவுக்கு, புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் உள்ள சோப்புத்தூள் ஆகாது. கம்பளியும் புரதம், அதைத் தின்றுவிடும்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். தோள் இறங்கியிருந்தது, நடுக்கம் இல்லை. "வீட்ல ஒரு டஜன் பருத்தி பனியன் இருக்கே டாக்டர், என்ன பண்றது?" என்றார். ஓடி முடித்ததும் தலையையும் முதுகையும் துவட்ட அதில் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதில் அதை மிஞ்ச ஆளில்லை.