செம்மணல் உண்டு, வைரம் ஏன் இல்லை?

அலை அரித்துப்போன மறுநாள் ராமநாதபுரம் கடற்கரையில் சில இடங்களில் சிவப்பும் கறுப்புமாக மணல் படிந்து கிடக்கும். எடை குறைந்த வெள்ளை மணலைக் கடல் இழுத்துக்கொள்ள, கனமான கார்னெட் என்ற சிவப்புக் கனிமமும் இல்மனைட் என்ற கறுப்புக் கனிமமும் தங்கிவிடுகின்றன. வைரம் தேடுபவர்களுக்கும் இவைதான் முதல் தடயம். ஆனால் அவர்கள் தேடும் கார்னெட் வேறு.

வைரத்தோடு ஆழத்திலிருந்து ஏறிவருவது பைரோப் வகை: மக்னீசியமும் குரோமியமும் சேர்ந்தது, பெரும்பாலும் ஊதாச் சாயல் கொண்டது. நம் கரையில் கிடப்பது பெரும்பாலும் இரும்பு மிகுந்த அல்மண்டைன். பூமியின் மேலோட்டுக்குள்ளேயே உருமாறிய பாறைகள் சிதைந்து வந்தது. நிறத்தை மட்டும் நம்பி முடிவுகட்டினால் ஏமாறுவோம். மணிமணியாக ஆய்வகத்தில் அளக்க வேண்டும். குரோமியம் கூடி, கால்சியம் குறைந்திருந்தால் நல்ல அறிகுறி.

கார்பன் வைரமாக இறுக 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம் வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப் போல 45,000 மடங்குக்கும் மேல். அது மட்டும் போதாது. வெப்பம் 900 முதல் 1300 டிகிரி செல்சியஸ் அளவில் அடங்கியிருக்க வேண்டும். கூடினால் அதே அழுத்தத்திலும் கார்பன் கிராபைட்டாகவே, அதாவது பென்சில் கரியாகவே, நிற்கும். அத்தனை ஆழத்தில் சூடு இப்படி அடங்கியிருப்பது 250 கோடி ஆண்டுக்கும் மூத்த நிலத்திட்டுகளின் அடியில் ஆழமாக இறங்கிய தடித்த பாறை வேரில்தான். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் பரவிய தார்வார் திட்டு அப்படிப்பட்டது. ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூர் கிம்பர்லைட் குழாய்கள், அதாவது ஆழத்துப் பாறைக்குழம்பு ஏறி உறைந்த தண்டுகள், அதைத் துளைத்து வந்தவை.

மேலே வருவது அடுத்த சோதனை. கார்பன் டை ஆக்சைடும் நீரும் நிறைந்த கிம்பர்லைட் பாறைக்குழம்பு சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் ஏறிவிட வேண்டும். தாமதித்தால் வைரம் குழம்பிலேயே கரையும், அல்லது கிராபைட்டாக மாறும். தப்பி வருவதும் சொற்பம்: ஒரு டன் பாறையில் ஒரு காரட், வெறும் 0.2 கிராம், கிடைத்தாலே அது வளமான சுரங்கம்!

ராமநாதபுரத்தின் கதை வேறு. தென்தமிழகத்து அடிப்பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடுமையாகச் சூடேறின. பிறகு கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது நிலம் இழுபட்டு மெலிந்து பள்ளமானது. அதில் கிலோமீட்டர் கணக்கில் வண்டல் நிரம்பியது. வைரத்துக்கு வேண்டிய குளிர்ந்த, தடித்த வேர் இங்கே இல்லை. அந்த வண்டல் படுகையில்தான் ராமநாதபுரம் அருகே வழுதூரின் இயற்கை எரிவாயு இருக்கிறது.

வேறெங்கோ விளைந்ததை ஆறு கொண்டுவந்திருக்கக் கூடாதா? நமீபியாவில் அப்படித்தான் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுக் குழாய்கள் அரிபட்டு, ஆரஞ்சு ஆறு வைரங்களை அட்லாண்டிக்கில் சேர்க்க, அலைகள் கரையோரம் பரப்பின. நம் வைகை வருசநாட்டு மலையில் பிறந்து வருகிறது. அதன் வழியில் அறியப்பட்ட கிம்பர்லைட் குழாய் ஒன்றுகூட இல்லை.