எரிபொருள் தாங்கியை நிமிடக் கணக்கில் வாங்குங்கள்

புல்வெட்டி, மருந்து பம்பு எஞ்சின்களோடு, கம்பியில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் கொன்ட்ரோல் லைன் மாதிரி விமானங்களின் எஞ்சின்களும் எங்கள் ஹட்டன் பட்டறைக்கு வரும். இந்த மாதமும் ஒன்று வந்தது. 5.8 சீசீ. பிஸ்டன் பக்கமெல்லாம் கீறல், எரிபொருளில் கலக்கும் ஆமணக்கெண்ணெய் கருகிப் பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. விமானத்தைப் பார்த்தால் 200 மில்லிலீற்றர் தாங்கி! ஏன் தம்பி இவ்வளவு பெரிசு என்று கேட்டேன். "பெரிசா இருந்தா நல்லதுதானே அண்ணே, வேணும்னா பாதி ஊத்திக்கலாம்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வேனுக்குப் பெரிய தாங்கி நல்லதுதான். சாவியைத் திருப்பினால் வேன் நிற்கும். உங்கள் விமானத்துக்குச் சாவி எங்கே இருக்கிறது? கைப்பிடியிலிருந்து போகும் இரண்டு கம்பிகளும், விமானத்தை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரை மட்டும்தான் அசைக்கின்றன. தாங்கியில் எரிபொருள் எண்ணெய் தீரும்வரை எஞ்சின் ஓடும், நீங்களும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலை சுற்றினாலும் சரி, பக்கத்து மலையிலிருந்து மூடுபனி இறங்கி விமானமே தெரியாமல் போனாலும் சரி, நினைத்த நேரத்தில் இறக்க முடியாது. நம் ஊரில் பனி எவ்வளவு சீக்கிரம் மூடும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, பாதி ஊற்றலாம் என்பதற்கு வருவோம். 18 மீற்றர் கம்பியில் ஒரு சுற்றுக்கு 5 வினாடி என்றால், தாங்கிக்குள் இருக்கும் எண்ணெயைப் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விசை வட்டத்துக்கு வெளிப்பக்கமாகத் தள்ளும். அதனால்தான் உறிஞ்சு குழாயின் வாயை வெளிப்பக்க மூலையில் வைக்கிறார்கள். எண்ணெய் குறையக் குறைய அதன் மட்டம் எஞ்சினை விட்டு வெளியே நகரும். தாங்கி 4 சென்ரிமீற்றர் அகலம் என்றால், கடைசிச் சொட்டுக்கு வரும்போது, மேசைமேல் ஓடும் எஞ்சினின் தாங்கியை 12 சென்ரிமீற்றர் கீழே இறக்கியதற்குச் சமம். அவ்வளவு தூரம் உறிஞ்ச எஞ்சின் திணறும், காற்றோடு கலக்கும் எரிபொருள் குறையும், சூடு ஏறும். பாதி ஊற்றிப் புறப்பட்டால் அந்த நிலையின் பாதியில்தான் தொடங்குகிறீர்கள். யூனிஃப்ளோ தாங்கியில் காற்றுக் குழாயின் வாய் உறிஞ்சு வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் இந்த மாற்றம் பெரிதும் அடங்கும். ஆனாலும் அகலம் குறைந்த தாங்கியே நல்லது.

அப்புறம் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். காற்று குறைந்தால் எண்ணெயும் குறைவாகத்தான் வேண்டும், எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் திருகைச் சற்று உள்ளே திருக வேண்டும். கொழும்பில் 6 நிமிடம் ஓடும் அளவு அங்கே 7 நிமிடத்தைத் தொட்டுவிடும். கொழும்பு நண்பர் சொன்ன அளவை அப்படியே வாங்காதீர்கள்.

உலகப் போட்டி விதியில், எஞ்சினைக் கிளப்பப் போகிறேன் என்று கை காட்டியதிலிருந்து தரையிறங்கும்வரை ஏரோபட்டிக் (வித்தைப் பறப்பு) வரிசை முழுவதற்கும் 7 நிமிடம்தான். அதற்கே 5.8 சீசீ எஞ்சினுக்கு 100 முதல் 120 மில்லிலீற்றர் போதும். 2.5 சீசீக்கு 60 தாராளம். புதிதாகப் பழகுபவருக்கு 3, 4 நிமிடத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

சிறிஞ்சால் 30 மில்லிலீற்றர் அளந்து ஊற்றி, பறக்கும் வேகத்தில் தரையில் ஓடவிட்டு, நேரத்தைக் குறித்து, உங்களுக்கு வேண்டிய நிமிடங்களுக்கு எவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் போடுங்கள். பறக்கும்போது சுமை மாறுவதால் அந்தக் கணக்கு அப்படியே வராது, முதல் பறப்பில் திருத்திக்கொள்ளுங்கள். வந்த அளவைவிடச் சற்றே பெரிய தாங்கியாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு முறையும் அளந்தே ஊற்றுங்கள். கண் மதிப்பு வேண்டாம். தோட்ட லய வீடுகளுக்கு மேலால் மின்கம்பி போகும் மைதானம் என்றால் விமானத்தைப் பெட்டியை விட்டே எடுக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பதும் உலோகக் கம்பிதான்.

தாங்கியில் மிஞ்சியதைச் சிறிஞ்சால் உறிஞ்சி, அதற்கென்று வைத்த டின்னில் ஊற்றி மூடி, பெயர் எழுதி வையுங்கள். அதில் பெரும்பங்கு மெதனோல் என்ற நச்சு. கொஞ்சம் குடித்தாலே கண் போகும், உயிரும் போகும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், தயவுசெய்து சோடாப் போத்தலில் மட்டும் வைக்காதீர்கள்.