லைனிங்: உறையா, பூச்சா?

தையற்காரரிடம் கெட்டித் துணியைக் கொடுத்தால் "லைனிங் வைக்கணுமா?" என்று கேட்பார். அமிலத் தொட்டி செய்பவரிடம் போனாலும் அதே கேள்விதான். சட்டைக்கும் எஃகுத் தொட்டிக்கும் ஒரே சொல்லா என்று தோன்றும். சொல் முதலில் சட்டையில்தான் இருந்தது. தொட்டிக்குப் பிறகுதான் போனது.

ஆளிச்செடியின் நாரில் நெய்வது லினன். லத்தீனில் அந்தச் செடிக்கு 'லீனும்' என்று பெயர், பழைய ஆங்கிலத்தில் 'லீன்'. மேலாடைக்கு உட்புறம் லினன் துணி வைத்துத் தைப்பதை 'லைன்' என்றார்கள். தைத்த துணி லைனிங் ஆனது. 'கோட்டிங்'கும் அப்படித்தான், மேலே போடும் கோட்டிலிருந்து வந்தது. ஆக, ஆங்கிலத்தில் தொட்டிக்கும் உடுப்பு மாட்டியாகிவிட்டது: வெளியே கோட்டு, உள்ளே லைனிங். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரும்புக்குத் துருப்பிடிக்காமல் இருக்க நெடுங்காலம் பூசிவந்தது, ஆளி விதை எண்ணெயில் குழைத்த சிவப்பு ஈயப் பொடியைத்தான். உள்துணிக்கு நார் தந்த செடியேதான் பூச்சுக்கு எண்ணெயும் தந்தது.

இன்றைய தொழில் வழக்கில் வெயிலும் மழையும் படும் வெளிப்பக்கத்துக்கு அடிப்பது கோட்டிங். எப்போதும் திரவத்தில் முழுகிக் கிடக்கும் உள்பக்கத்துக்கு இடுவது லைனிங். உள்ளே அடிப்பது எபாக்சிப் பிசினாக இருக்கலாம், ஒட்டுவது ரப்பர் தகடாக இருக்கலாம், இரண்டுமே லைனிங்தான். ஆங்கிலம் இங்கே பார்ப்பது இடத்தை. உள்ளே, வெளியே, அவ்வளவுதான்.

தமிழ் பார்ப்பது வேலையை. பெயர் வைக்கும்போது நாம் தடுக்கி விழுவது இங்கேதான்.

செம்புப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் (வெள்ளீயம்) பிடிக்க வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்புப் பட்டால் செம்பில் களிம்பு ஏறும். அதைத் தடுக்க உள்ளே ஒரு மெல்லிய ஈயத் தோல். ஆங்கிலக் கணக்கில் அது அசல் லைனிங். நாம் அதை 'ஈயம் பூசுதல்' என்கிறோம். உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது சொல்லில் இல்லை. குழம்பாக இருப்பதைத் தேய்த்துப் படிய வைத்தால் அது பூச்சு, சுவரில் பூசினாலும் சரி, பாத்திரத்துக்குள் பூசினாலும் சரி.

உறை வேறு. அது முன்பே ஓர் உருவம் பெற்ற பொருள், கொண்டுவந்து இடுவது, மாட்டுவது. தலையணை உறையும் வாள் உறையும் வெளியே இருப்பவை என்பதால் உறை என்றாலே வெளியே போர்த்துவது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் உறைகிணறு என்ன? குழி சரிந்துவிடாமல் உட்புறமாக ஒன்றன்மேல் ஒன்றாக வளையங்களை இறக்குகிறார்கள். அந்த வளையத்துக்குப் பெயர் உறை. 'உறை இறக்கியாச்சா?' என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. பட்டினப்பாலையிலேயே 'உறைக்கிணற்றுப் புறச்சேரி' வந்துவிடுகிறது. லைனிங்குக்குத் தமிழ் இல்லை என்பவர்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

சரி, அப்படியானால் 'உள்ளுறை' என்று சொல்லிவிடலாமா? கலைச்சொல் ஆக்குபவர்களுக்குச் சட்டென்று தோன்றுவது இதுதான். எனக்கு இதில் தயக்கம் உண்டு. உள்ளுறை என்றால் உள்ளே உறைவது, அதாவது உள்ளடக்கம். உள்ளுறை உவமம் என்று இலக்கணத்தில் படித்திருப்போம். 'தொட்டியின் உள்ளுறை' என்று எழுதினால், படிப்பவர் தொட்டிக்குள் இருக்கும் அமிலத்தை நினைத்துக்கொள்வார். பாதுகாப்புக் குறிப்பில் அப்படி ஒரு குழப்பம் தேவையில்லை. அகவுறை என்றால் சிக்கல் இல்லை.

ஆக, என் பரிந்துரை இது. திரவமாக அடித்து இறுகவிடும் எபாக்சி, வினைல் எஸ்டர் வகைகளுக்கு உட்பூச்சு. தகடாக ஒட்டுவதற்கு அகவுறை. ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் அப்படிப்பட்டதுதான். சில மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளை வெட்டி, ஓரத்தின்மேல் ஓரம் ஏறும்படி ஒட்டி, நீராவியில் வேகவைத்து இறுக்குவார்கள். அதைப் போய்ப் பூச்சு என்றால் வேலை செய்தவர் சிரிப்பார்.

இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. அடர் கந்தக அமிலத்தை எந்த லைனிங்கும் இல்லாத சாதாரண எஃகுத் தொட்டியிலேயே வைக்கிறார்கள். அமிலம் எஃகைக் கொஞ்சம் தின்னும். அதில் உண்டாகும் இரும்பு சல்ஃபேட் சுவரில் படிந்து மேற்கொண்டு தின்னவிடாமல் தடுத்துவிடும். அமிலத்தில் தண்ணீர் கலந்தாலோ வேகமாக ஓடினாலோ அந்தப் படிவு கலைந்துபோகும். யாரும் பூசவுமில்லை, இடவுமில்லை, தானே படிந்தது. அதனால் இதற்குப் படலம் என்ற பெயரே பொருந்தும்.

கச்சா எண்ணெய்த் தொட்டியில் கதை அடித்தட்டில் நடக்கிறது. எண்ணெயோடு வந்த உப்புத் தண்ணீர் கீழே தங்கி எஃகை அரிக்கும். சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றி வாழும் பாக்டீரியாவும் அங்கே குடியிருக்கும். இந்த அடித்தட்டு உட்பூச்சுக்கென்றே ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) 652 என்ற வழிகாட்டு நெறி இருக்கிறது. 20 மில் வரை மென்பூச்சு, அதற்கு மேல் தடிப்பூச்சு என்று பிரிக்கிறது. மில் என்றதும் மில்லிமீட்டர் என்று படித்துவிடாதீர்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மில் சேர்ந்தாலும் அரை மில்லிமீட்டர்தான். மில்லுக்குத் தமிழ் தேடுவதை விட, மைக்ரானில் 508 என்று போட்டுவிடுவது நல்லது.

'பூசி மெழுகாதே' என்று திட்டுகிறோம் அல்லவா, இந்தத் தொழிலில் அது நேர்ப்பொருளிலேயே உண்மை. துருவின் மேல் எவ்வளவு உயர்ந்த எபாக்சி அடித்தாலும் பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரிந்து வரும். அதனால்தான் முதலில் பிளாஸ்டிங். காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சித் துருவையும் பழைய பூச்சையும் பெயர்த்தெடுத்து, பூச்சு பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பும் உண்டாக்குவது. 1870ல் அமெரிக்காவில் பெஞ்சமின் டில்மன் காப்புரிமை பெற்ற முறை. மணல் தூசு நுரையீரலைக் கெடுப்பதால் தாமிரக் கசடு, கார்னெட் என்ற கனிமம், எஃகுத் துகள் என்று மாறிவிட்டார்கள், ஆனாலும் வாயில் வருவது 'சாண்ட் பிளாஸ்டிங்'தான். மணல் போன பிறகு மணல்வீச்சு என்று மொழிபெயர்ப்பது சரியில்லை. துகள்வீச்சு போதும். அப்புறம் ஈரம்: எஃகின் வெப்பநிலை பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்தால்தான் பூச வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல் பூசியதாகிவிடும்.

கடைசியாக ஒரு சொல், எனக்கு மிகவும் பிடித்தது. இயந்திரம் மொழிபெயர்த்த ஒரு வேலைக் குறிப்பில் 'பூச்சு காய்ந்தபின் விடுமுறை கண்டறியும் கருவியைப் பயன்படுத்தவும்' என்று இருந்தது. மூலத்தில் 'ஹாலிடே'. பூச்சு படாமல் விட்டுப்போன ஊசிமுனை இடத்துக்கு ஆங்கிலத் தொழில் வழக்கில் அதுதான் பெயர். கப்பலின் அடிப்பாகத்தில் தார் படாமல் விட்ட இடத்தை மாலுமிகள் அப்படிச் சொன்னார்கள். 1785ல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சை அகராதியில் பதிவாகியிருக்கிறது. பூசுகிறவன் அந்த இடத்துக்கு மட்டும் லீவு விட்டுவிட்டான்!

தமிழில் விடுபாடு என்கிறேன் நான். விடுமுறையிலும் அதே 'விடு' இருப்பதால் குறும்பும் தப்பிப் பிழைக்கிறது. மென்பூச்சில் இதைத் தேடுவது எளிது. கருவியின் ஒரு கம்பியைத் தொட்டியின் எஃகோடு இணைத்துவிட்டு, மறு கம்பியில் ஈரப் பஞ்சைக் கட்டி, 67.5 வோல்ட் கொடுத்துப் பூச்சின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போவார்கள். பூச்சு முழுதாக இருக்கும்வரை மின்சாரம் பாயாது. விடுபாட்டில் பஞ்சு ஏறியதும் ஈரம் உள்ளே இறங்கி எஃகைத் தொடும், கருவி 'பீப்' என்று கத்தும். குனிந்து பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பஞ்சு கத்திய இடத்தைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த அடிக்கு நகர்வார்கள்.