அந்த வருஷத்தில் அந்தப் பலகை இல்லை

உதவி இயக்குநராக என் வேலையில் பெரும்பகுதி கண்டினியூட்டி பார்ப்பதுதான். ஒரு காட்சியின் முதல் பாதியை இந்த ஷெட்யூலிலும் மறு பாதியை அடுத்த ஷெட்யூலிலும் எடுப்போம். கட்டு எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, கிளாஸில் டீ எவ்வளவு என்று போட்டோ எடுத்து வைக்கிறோம். அப்படியும் தப்பு வரும். எடிட்டர் நடிப்பு நன்றாக இருக்கும் டேக்கைத்தான் வைப்பார், டீயின் அளவைப் பார்க்க மாட்டார். அவர் செய்வது சரி. அந்த மாதிரித் தப்பால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாழ்க்கை வரலாற்றுப் படத்தில் கவனிக்க வேண்டியது வருஷத்தை.

வடசென்னையின் பழைய காலத்தை எடுக்கிறவர்கள் வழுக்குகிற இடங்கள் சில உண்டு. 1965-ல் நடக்கும் கதையில் ராயபுரம் கடைப்பலகையில் ‘சென்னை 600 013’ என்று எழுதிவிடுவார்கள். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல். அதற்கு முன் வெறும் ‘சென்னை-13’. டி.என். என்று தொடங்கும் வண்டி எண் 1989-க்குப் பிறகுதான். டிராம் 1953-லேயே நின்றுவிட்டது. அதிகம் கண்ணில் படாமல் போவது எழுத்து. ‘விற்பனை நிலையம்’ என்று ஒரு பலகை இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அதில் னையும் லையும் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில்தான் இருக்கும் (பெரியாரின் இதழ்கள் முன்பே மாறிவிட்டன, அது விலக்கு). கம்ப்யூட்டர் எழுத்துருவில் அடித்து ஒட்டினால் அந்தத் தெரு நொடியில் இன்றைய தெருவாகிவிடும். காசு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தாலும், நாலணா, எட்டணா என்ற பேச்சு அதன்பின் பல பத்தாண்டுகள் நம் வாயில் இருந்தது. வசனத்தில் இருக்கலாம், விலைப்பட்டியலில் இருக்கக்கூடாது.

ஒரு கதை விவாதத்தில், துறைமுக அலுவலக ஜன்னலில் நின்றபடி, ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைமேல் குண்டு போடுவதைக் கணிதமேதை ராமானுஜன் பார்ப்பதாக ஒரு காட்சி சொன்னார்கள். கேட்க நன்றாகவே இருந்தது. அவர் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தது 1912 மார்ச்சில். இங்கிலாந்துக்குக் கப்பலேறியது 1914 மார்ச் 17. எம்டன் வந்தது அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு. அப்போது அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார். தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதியிருந்தால் அந்தக் காட்சி பேச்சுக்கே வந்திருக்காது.

அதே ராமானுஜனைப் பற்றி 2015-ல் வந்த ஆங்கிலப் படத்தில் மனைவி ஜானகி வளர்ந்த பெண்ணாக வருகிறார். 1909-ல் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயது. இது கைதவறிய பிழை இல்லை, தெரிந்தே எடுத்த முடிவு. பலகைத் தப்பைவிட இதைப் பெரிய தப்பாக நினைக்கிறேன். அந்தக் காலத்துக் குழந்தைத் திருமணம் படத்திலிருந்தே காணாமல் போகிறது, பார்க்கிறவர்கள் அதை ஒரு காதல் கதையாக மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆரம்பத்தில் ‘கற்பனை கலந்தது’ என்று கார்டு போடுவதால் இது சரியாகிவிடாது. அந்த கார்டை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

ராமானுஜனுக்காவது கடிதங்கள் இருக்கின்றன, நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன, சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் பின்னி மில் ஆட்களால். அதன் தலைவர்களான வாடியாவும் திரு.வி.க.வும் புத்தகங்களில் இருக்கிறார்கள். தறிமுன் நின்றவர்களைப் பற்றி எழுத்து அவ்வளவு இல்லை. அதே மில் வளாகத்தில் எத்தனையோ படங்களுக்கு செட் போட்டாயிற்று. மில் தொழிலாளியையோ குத்துச்சண்டை வீரரையோ படமாக்கினால், அந்தப் படம்தான் பிறகு அவருடைய பதிவு. தப்பாகக் காட்டினால் மறுக்க ஒரு தாள்கூட இருக்காது. பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள், ‘உங்க தாத்தா இப்படியாமே’ என்று கேட்கப்படுவார்கள்.

அதனால் உதவி இயக்குநராக வரும் தம்பி தங்கைகளுக்கு: ஸ்கிரிப்ட் இனி மாறாது என்று லாக் ஆவதற்கு முன் தேதித்தாள் போடுங்கள். ஒரே பெரியவரைக் கேட்டு நிறுத்தாதீர்கள். ஞாபகம் வருஷங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும், இன்னும் இரண்டு பேரைக் கேளுங்கள், அந்த வருஷத்து நாளிதழை நூலகத்தில் புரட்டுங்கள். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேட்டில் இருக்கிறவர்களுக்கு: உங்கள் வீட்டு மில் அட்டை, கல்யாணப் போட்டோ, பழைய ரேஷன் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். போட்டோவின் பின்புறம் வருஷம், தெரு, நிற்பவர்கள் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.