அவலநகை: டிராஜிகாமெடி என்ற சொல்லின் கதை

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் ஒரு சின்ன இடம் உண்டு. இளவரசனின் சிறுவயதுத் தோழர்கள் இருவரை டென்மார்க் அரசன் கிளாடியஸ் வரவழைத்து, ஹாம்லெட்டுக்கு என்னதான் ஆயிற்று என்று பேச்சுக் கொடுத்துத் தெரிந்துவரச் சொல்கிறான். அவர்கள் சரியென்றதும், “நன்றி ரோசன்கிராண்ட்ஸ், நல்லவரே கில்டன்ஸ்டெர்ன்” என்கிறான். அடுத்த வரியில் அரசி கெர்ட்ரூட், “நன்றி கில்டன்ஸ்டெர்ன், நல்லவரே ரோசன்கிராண்ட்ஸ்” என்கிறாள். அவ்வளவுதான். இருவருக்கும் சம மரியாதை தரத்தான் மாற்றிச் சொன்னாளா, அரசன் ஆள் மாறிச் சொன்னதைத் திருத்தினாளா என்று நாடகம் சொல்வதில்லை. அரங்கில் லேசாகச் சிரிப்பு எழும். எவர் எவரென்றே பிரித்தறிய முடியாத இந்த இருவரும் நாடகம் முடிவதற்குள் செத்துப்போகிறார்கள். அதுவும் மேடையில் இல்லை. கடல் தாண்டி, வேறொரு நாட்டில், நம் கண்ணுக்குத் தெரியாமல்.

அந்தச் சிரிப்பையும் அந்தச் சாவையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டவர் ஆங்கில நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்ட். ‘ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் இறந்துவிட்டார்கள்’ என்ற அவருடைய நாடகம் 1966இல் எடின்பரோவில் முதலில் மேடையேறியது. 1990இல் அவரே அதைப் படமாக இயக்கினார். கேரி ஓல்ட்மன், டிம் ராத் இருவரும் அந்தத் தோழர்களாக நடித்தார்கள். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. ஹாம்லெட்டின் கதை அப்படியே நடக்கிறது, ஷேக்ஸ்பியரின் வசனம் பல இடங்களில் மாறாமல் வருகிறது. ஆனால் நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது. இளவரசன் நம்மைக் கடந்து போகிறான், வருகிறான். நாம் தூணோரத்தில் இந்த இருவரோடு நின்றுகொண்டு என்ன நடக்கிறதென்று புரியாமல் விழிக்கிறோம்.

இதைக் காமெடி என்பதா, டிராஜெடி என்பதா? ஆங்கிலத்தில் இதற்கென்றே இருக்கும் சொல் டிராஜிகாமெடி. தமிழில் எழுதும்போது பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், சிலர் ‘இன்பதுன்பியல்’ என்கிறார்கள். இரண்டுமே எனக்குப் போதவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தச் சொல் பிறந்த வீட்டுக்குப் போய் வரவேண்டும்.

டிராஜெடி என்பதன் மூலம் கிரேக்கத்தில் ‘திராகோஸ்’, ‘ஓடே’ என்ற இரண்டு சொற்கள்: ஆட்டுக்கடா, பாட்டு. கடாப் பாட்டு. கடா பரிசாகக் கொடுக்கப்பட்டதா, பலியாக வெட்டப்பட்டதா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. காமெடியில் இருப்பது ‘கோமோஸ்’: குடித்துக் கூத்தாடி ஊர்வலம் போகும் கூட்டம். இரண்டையும் அரிஸ்டாட்டில் பிரித்த விதம்தான் நமக்கு முக்கியம். டிராஜெடி நம்மைவிட உயர்ந்தவர்களைக் காட்டும், காமெடி நம்மைவிடத் தாழ்ந்தவர்களைக் காட்டும் என்றார். அழுகை, சிரிப்பு என்பதற்கு முன்பே, மேடையில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இரண்டையும் ஒட்டவைத்தவர் ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ், சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன். அவருடைய ‘ஆம்ஃபிட்ரூவோ’ நாடகத்தின் தொடக்கத்தில் மெர்குரி தேவன் வந்து முன்னுரை சொல்கிறான். இது ஒரு டிராஜெடி என்று ஆரம்பித்தவன், கூட்டம் நெற்றியைச் சுருக்குவதைப் பார்த்ததும் நிறுத்துகிறான். “ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? நான் தேவன், மாற்றிவிடுகிறேன்” என்கிறான். அப்புறம் யோசிக்கிறான். அரசர்களும் தேவர்களும் வரும் நாடகத்தை முழுக் காமெடி என்று சொல்வது முறையாகாது. ஆனால் இதில் ஓர் அடிமைக்கும் பங்கு இருக்கிறதே! சரி, டிராஜிகாமெடி ஆக்கிவிடுவோம். ‘டிராஜிகோ’, ‘கோமோடியா’ இரண்டும் சேர்ந்து, நடுவில் இருந்த இரட்டைக் ‘கோ’ ஒன்றாகி, அந்தச் சொல் வந்தது.

கவனித்துப் பாருங்கள். அழுகையும் சிரிப்பும் கலந்திருப்பதால் அவன் இந்தப் பெயரை வைக்கவில்லை. அரசன் நிற்கும் மேடையில் வேலைக்காரனுக்கும் வசனம் இருப்பதால் வைத்தான். அந்த வேலைக்காரனின் பெயர் சோசியா. இரவில் எஜமானின் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். வாசலில் அவனைப் போலவே இன்னொருவன் நிற்கிறான், சோசியாவின் உருவத்தை எடுத்திருக்கும் மெர்குரி. நான்தான் சோசியா என்று சொன்னதற்கு அடி விழுகிறது. அடி வாங்கி வாங்கி, அப்படியானால் நான் யார் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கூட்டம் சிரித்திருக்கும். ஸ்டாப்பர்ட்டின் படத்தில் இந்தத் தோழர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது, ஒருவன் பெயரை மற்றவன் பெயராகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்கிறான். அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் அந்தச் சோசியாதான். சொல் பிறந்த அன்றே அதற்குள் ஒரு சிறுபாத்திரம், தன் பெயரே தனக்கு உறுதியில்லாமல், நின்றுகொண்டிருக்கிறது.

பிறகு அந்தச் சொல் பல கைகள் மாறியது. ஸ்பெயினில் எழுத்தாளர் ஃபெர்னாண்டோ தே ரோஹாஸ் தன் நூலுக்குக் ‘கொமேதியா’ என்று பெயர் வைக்க, சோகத்தில் முடிவதை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று படித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். சரி, இரண்டுக்கும் நடுவில் வெட்டிக்கொள்வோம் என்று ‘திராஹிகொமேதியா’ என மாற்றினார். இங்கிலாந்தில் கவிஞர் பிலிப் சிட்னி, அரசனையும் கோமாளியையும் ஒரே இடத்தில் நிறுத்துவதைக் கலப்பினம் என்று பழித்தார். 1600களின் தொடக்கத்தில் நாடகாசிரியர் ஜான் ஃபிளெட்சர் ஒரு வரையறை தந்தார்: சாவு இல்லாததால் இது டிராஜெடி ஆகாது, சாவின் பக்கத்தில் போய் வருவதால் காமெடியும் ஆகாது. இந்த அளவுகோலை வைத்தால் ஸ்டாப்பர்ட்டின் படம் தேறாது. இருவர் கழுத்திலும் சுருக்கு விழுந்துவிடுகிறது. இன்று நாம் சொல்லும் பொருளுக்கு இன்னும் அருகில் வருபவர் ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட். ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தின் ஆங்கில வடிவத்துக்கு அவரே இரண்டு அங்க டிராஜிகாமெடி என்று துணைத்தலைப்பு இட்டார். அங்கேயும் இரண்டு பேர். என்ன செய்வதென்று தெரியாத இரண்டு பேர்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. ஹாம்லெட் நாடகத்துக்குள்ளேயே இந்த வகைப்பெயர்கள் அடிபடுகின்றன. நடிகர் குழு ஒன்று அரண்மனைக்கு வந்திருப்பதைச் சொல்லவரும் அரசனின் ஆலோசகன் பொலோனியஸ், அவர்கள் ஆடும் நாடக வகைகளை அடுக்கிக்கொண்டே போய், டிராஜிகல், காமிகல், ஹிஸ்டாரிகல், பாஸ்டரல் எல்லாவற்றையும் ஒரே வாலாகக் கட்டிவிடுகிறான். அந்த நேரம் ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் அதே காட்சியில் பக்கத்தில் நிற்கிறார்கள். தாங்கள் எந்த வகையில் இருக்கிறோம் என்று தெரியாமல்.

இனி தமிழுக்கு வருவோம். டிராஜெடிக்குத் துன்பியல் என்றும் காமெடிக்கு இன்பியல் என்றும் பாடநூல்களில் படித்திருப்போம். இரண்டையும் சேர்த்தால் இன்பதுன்பியல். இதில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, ‘இயல்’ என்று முடிந்தாலே இயற்பியல், உளவியல் என்று ஒரு படிப்பின் பெயர்போல் ஒலிக்கிறது. இரண்டாவது குறை பெரியது. முதல் பாதி சிரிப்பு, இடைவேளைக்குப் பிறகு அழுகை என்று, இன்பமும் துன்பமும் மாறி மாறி வருவதாக அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. ஆனால் இந்த வகைப் படைப்பில் ஒரே நிகழ்ச்சிதான் இரண்டாகவும் இருக்கிறது.

படத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையில் போகிறவன் வழியில் ஒரு நாணயத்தைக் கண்டெடுக்கிறான். சுண்டுகிறான், தலை. மறுபடி, தலை. மறுபடி, தலை. நாடகத்தில் இது 92 முறை வரை போகிறது. பூவா தலையா என்ற விளையாட்டு பூவே விழாமல் நடந்துகொண்டிருப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அதே நொடியில் வயிற்றில் ஏதோ சில்லிடுகிறது: இவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முடிவு ஒன்றுதான் போலிருக்கிறதே! இன்னோர் இடத்தில் தொட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஓரத்துத் தொட்டியை இழுத்துவிட்டால் மறுகோடித் தொட்டி மட்டும் எகிறுவதை ரோசன்கிராண்ட்ஸ் கண்டுபிடித்துவிடுகிறான். ஆசையோடு நண்பனைக் கூப்பிட்டுக் காட்டுகிறான், தொட்டி உடைந்து விழுகிறது. நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அவன் முகத்தைப் பார்த்து மனம் கனத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே இடைவேளை எதுவும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ளத் தொல்காப்பியம் கைகொடுக்கிறது. அதன் மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், ‘நகையே அழுகை’ என்றுதான் தொடங்குகின்றன. முதல் இரண்டும் அடுத்தடுத்து. நகை எதிலிருந்து பிறக்கும்? ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்கிறது நூற்பா. மடன் என்றால், கேட்டதை ஆராய்ந்து பார்க்காமல் அப்படியே மெய்யென்று கொள்வது என்று உரை சொல்வார்கள். அரசன் சொன்னதை மெய்யென்று கொண்டு, கையில் கொடுத்த கடிதத்தோடு ஹாம்லெட்டை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போகும் இந்த இருவருக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அழுகை எதிலிருந்து? ‘இளிவே இழவே அசைவே வறுமை’. இளிவு என்றால் பிறரால் இழிவாக நடத்தப்படுவது. பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத அரண்மனையில் இவர்களுக்கு நேர்வது அதுதான். அச்சத்துக்குச் சொல்லும் நான்கில் ‘கள்வர்’, ‘தம் இறை’ இரண்டும் உண்டு. கப்பலைத் தாக்க வரும் கொள்ளையரும், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் அரசனும் அதற்குள் அடங்கிவிடுகிறார்கள். எந்த மடன் நம்மைச் சிரிக்க வைக்கிறதோ அதே மடன்தான் அவர்களைத் தூக்குக் கயிற்றுக்குக் கொண்டுபோகிறது. நகையும் அழுகையும் ஒரே வேரில்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் சொல் அவலநகை. மரம், நார் இரண்டும் சேர்ந்து மரநார் ஆவதுபோல, அவலம், நகை சேர்ந்து அவலநகை. அவலநகை நாடகம், அவலநகைப் படம் என்று வாயில் சுலபமாக வருகிறது. ‘அவல நகைச்சுவை’ என்று சிலர் எழுதுவதும் இதற்கு நெருங்கியதே. ஆனால் ‘சுவை’ சேர்ந்ததும் நகைச்சுவைதான் முதன்மை, அவலம் அதற்கு ஓர் அடைமொழி என்று ஆகிவிடுகிறது. அவலநகையில் இரண்டும் சமமாக நிற்கின்றன.

அவலம் பழைய சொல். ‘நன்றறி வாரிற் கயவர் திருவுடையர் நெஞ்சத்து அவலம் இலர்’ என்பது குறள். நல்லது தெரிந்தவர்களைவிடக் கயவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் நெஞ்சில் கவலையே இல்லை என்று வள்ளுவர் சொல்லும்போது இதழோரம் சிரிப்பு வந்துவிடும். அவலம் என்ற சொல் சிரிப்போடு சேர்ந்து வாழ்வது தமிழுக்குப் புதிதில்லை. நகை என்றால் தங்கம்தானே நினைவுக்கு வரும் என்று கேட்கலாம். புன்னகை என்ற சொல்லில் யாரும் பொன்னைத் தேடுவதில்லையே.

‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே துன்பப்படுகிறவரே சிரிக்க வேண்டும். அவலநகையில் துன்பப்படுகிறவருக்கு அது வேடிக்கை என்றே தெரியாது, சிரிப்பது நாம். பகடி என்பதும் வேறு. பகடி மூலப் படைப்பைக் கேலி செய்யும். ஸ்டாப்பர்ட் ஹாம்லெட்டைக் கேலி செய்யவில்லை. டார்க் காமெடி சாவையே சிரிப்புப் பொருளாக்கும், அங்கே செத்தவர்மேல் நமக்குப் பரிவு வரவேண்டிய கட்டாயம் இல்லை. அவலநகையில் பரிவு இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

பெயர்தான் இல்லாமல் இருந்தது, பொருள் நம்மிடம் எப்போதுமே உண்டு. தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பாருங்கள். அரசனின் சேவகன், உயரமான கிரீடங்களுக்கு நடுவே அன்றாடப் பேச்சில் பேசுகிறவன். துகிலுரியும் சபையிலும் அவன் இருப்பான், சிரிக்கவும் வைப்பான். பிளாட்டஸின் மெர்குரி அவனைப் பார்த்திருந்தால், இவனுக்கும் பங்கு இருக்கிறதே என்று அதே பெயரைத்தான் சொல்லியிருப்பான்.

கடைசியாக ஹாம்லெட்டின் முடிவுக்கு வருவோம். அரசன், அரசி, இளவரசன் எல்லோரும் பிணமாகக் கிடக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து தூதர் வருகிறார். அரசன் இட்ட கட்டளை நிறைவேறியது, ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் இறந்துவிட்டார்கள் என்கிறார். ஸ்டாப்பர்ட் தலைப்பை எடுத்தது இந்த வரியிலிருந்துதான். உண்மையில் அது அந்த அரசன் இட்ட கட்டளையே அல்ல. ஹாம்லெட்டைக் கொல்லச் சொல்லியிருந்த கடிதத்தைக் கப்பலில் அவனே இந்த இருவரைக் கொல்லச் சொல்வதாக மாற்றி எழுதிவைத்தது. தூதருக்கு அது தெரியாது. செய்தியைக் கேட்க வேண்டிய காதுகள் அடைத்துப்போய்விட்டன என்று பார்க்கிறார். அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறார்: எங்களுக்கு நன்றி சொல்லப்போவது யார்?